நெற்றியில் தட்டும் சத்தம்

புதுச்சேரி
9.9.2024

அன்புள்ள குழலி அக்காவுக்கு,

இஃப்ஃபத் எழுதுகிறேன். உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸுக்கு நேரில் போய்ப் பார்த்தேன், வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு சரிதா, "அவங்க காரைக்காலுக்கு மாத்தல் வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்களே, ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் அத்தனை நாள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தி ஊரை விட்டே போனது இன்னொருத்திக்குத் தெரியவில்லை. முகவரி அவரிடம்தான் வாங்கினேன். நான் கடிதம் எழுதிப் பழகியவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சிகிச்சை போன வாரம் முடிந்தது. டாக்டர் சுடர்விழி வழக்கமான கேள்விகளை எல்லாம் கேட்டுவிட்டு, "மனச்சோர்வு நல்லாவே கொறைஞ்சிருக்கு இஃப்ஃபத்" என்றார். வெளியே வந்ததும் உங்களைத்தான் தேடினேன். நம் இடத்தில் வேறு யாரோ ஒரு பெரியவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

முதல் நாளை நினைத்துப் பார்க்கிறேன். மாத்திரைகள் எதுவும் கேட்காமல் போனதால் நம் இருவரையும் அந்தச் சிகிச்சைக்கு அனுப்பியிருந்தார்கள். கரண்ட் ஷாக் வைக்கப் போகிறார்கள் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். நீங்கள்தான், "ஷாக்கு இல்லம்மா, காந்தம். மயக்கமருந்துகூட கெடையாது. நெத்தியில ஒருத்தன் வெரலால தட்டிக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கும். நான் நேத்தே பாத்துட்டேன்" என்றீர்கள். உள்ளே டெக்னீஷியன் தமிழ்மாறன் என் தலையில் அந்தக் காந்தச் சுருளை வைத்ததும் என் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. சரியான இடத்தையும் அளவையும் அப்படித்தான் பார்ப்பார்களாம். வெளியே வந்து உங்களிடம் சொன்னபோது, "ஆபீசுல பதினெட்டு வருசமா எம்பேச்ச கேட்ட வெரலு, இங்க வந்து அவன் பேச்ச கேக்குது" என்றீர்கள். நான் சிரித்தேன். சிரித்து எவ்வளவு காலம் ஆகியிருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

பிறகு ஆராய்ச்சி என்று சொல்லி நம் நெஞ்சிலும் வயிற்றிலும் வயர்களை ஒட்டினார்கள். "நோவு தலையில, வயித்துல எதுக்கு ஒட்டுறீங்க?" என்று டாக்டரையே கேட்டீர்கள். மூளையிலிருந்து ஒரு நரம்பு கழுத்து வழியாக இறங்கி இதயத்துக்கும் குடலுக்கும் போகிறது, மனம் சோர்ந்தால் அவையும் சேர்ந்துதான் சோர்கின்றன, நெற்றியில் தட்டினால் அங்கே ஏதாவது அசைகிறதா என்று பார்க்கிறோம் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். ஸமீஹா பிறந்ததிலிருந்து இந்த ஆறு வருடமும் என் வயிறு இறுகிக் கிடந்ததற்கு அன்றைக்குத்தான் ஒருவர் காரணம் சொன்னார். மாமி அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவந்தார்.

ஒரு நாள் எனக்குப் பசித்தது. உங்களுக்கு நினைவிருக்கும். சிகிச்சை முடிந்து வெளியே வந்ததும், "அக்கா, பசிக்குது" என்றேன். ஆட்டோ பிடித்துப் பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் மெஸ்ஸுக்குப் போனோம். வஞ்சிர மீன் குழம்பு. நான் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினேன். நீங்கள் டீயைக் குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "நல்லா சாப்புடு" என்றீர்கள். அதுதான் கடைசி. மறுநாளிலிருந்து நீங்கள் வரவில்லை.

நான் ஏதாவது தவறாகப் பேசினேனா அக்கா? ஒரு வரி எழுதுங்கள்.

இஃப்ஃபத்

*

காரைக்கால்
17.9.2024

இஃப்ஃபத்துக்கு,

கடிதம் கிடைத்தது. நீ தவறாக எதுவும் பேசவில்லை.

மாற்றல் நானே கேட்டது. காரைக்காலுக்கு யாரும் கேட்டு வருவதில்லை, அதனால் உடனே போட்டுவிட்டார்கள். இங்கேயும் கல்லூரி அலுவலகம்தான், அதே குமாஸ்தா வேலைதான். போன் மணி அடித்தால் நெஞ்சு படபடக்கிறது, அதனால் அணைத்து வைத்திருக்கிறேன். உன்னைத் தவிர்ப்பதற்காக அல்ல.

உனக்குக் குணமானதில் எனக்குச் சந்தோஷம். இதை எழுதும்போது சந்தோஷமாக இல்லை. இருக்க வேண்டும் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன்.

இனி எழுத வேண்டாம். ஆஸ்பத்திரியில் பழகியவர்கள் ஆஸ்பத்திரியோடு விட்டுவிடுவது நல்லது. என் தம்பி கமலக்கண்ணன் வந்து விசாரித்தால் எதுவும் சொல்லாதே. நான் சிகிச்சையை முடித்துவிட்டுத்தான் போனேன் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

கார்குழலி

*

புதுச்சேரி
26.9.2024

அன்புள்ள குழலி அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்பதை ஒரு கடிதமாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் நானும் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இங்கே எல்லோரும் எனக்குக் குணமாகிவிட்டது என்று முடிவு செய்துவிட்டார்கள். மாமி வருகிற போகிறவர்களிடம் எல்லாம், "எங்க மருமவளுக்கு அல்ஹம்துலில்லாஹ் சரியாயிடுச்சி, மெஷின்ல வெச்சி எடுத்துட்டாங்க" என்கிறார். ஏதோ பல்லைப் பிடுங்கிய மாதிரி. போன ஞாயிற்றுக்கிழமை நாகூரிலிருந்து வந்த உறவுக்காரர்களுக்கு நான் ஒருத்தியே பிரியாணி ஆக்கினேன். என் வீட்டுக்காரர், ஸமீஹா அத்தா, கடையை மூடிவிட்டு வந்து, அடுப்பங்கரை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் திரும்பினதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம் காந்துது" என்றார். வெங்காயம் எப்போதோ வதங்கி முடிந்திருந்தது.

எல்லாம் நல்லதுதான். ஆனால் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. நன்றாக இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்காமல் வயிற்றில் கை வைத்துப் பார்க்கிறேன், பசி இருக்கிறதா என்று. இருந்தால்தான் எழுகிறேன். ஸமீஹாவின் ரிப்பனைக் காணவில்லை என்று சின்ன எரிச்சல் வந்தால்கூட, இதோ திரும்பி வந்துவிட்டது என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இதை ஸமீஹா அத்தாவிடம் சொன்னால் அவர் முகம் பழையபடி ஆகிவிடும். மாமியிடம் சொன்னால் நன்றி கெட்டவள் என்பார். உங்களிடம்தான் சொல்ல முடியும். அந்த பெஞ்சில் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது, ஏன் பேசவில்லை என்று கேட்காத ஒரே ஆள் நீங்கள்.

டாக்டரிடம் உங்களைப் பற்றிக் கேட்டேன். இன்னொரு நோயாளியைப் பற்றிப் பேச முடியாது என்றுவிட்டார். ஆனால் நான் நகராமல் நிற்கவே, "பாதியில நின்னவங்க எப்ப வேணும்னாலும் திரும்ப வரலாம், எல்லாருக்கும் ஒரே நேரத்துல கேக்காது" என்று பொதுவாகச் சொன்னார். யாருக்காகச் சொன்னார் என்று உங்களுக்கே தெரியும்.

திரும்பி வாருங்கள் அக்கா. நான் கூட வருகிறேன்.

இஃப்ஃபத்

*

காரைக்கால்
10.10.2024

இஃப்ஃபத்துக்கு,

இந்தக் கடிதத்தை என்னோடு வேலை செய்யும் கொளஞ்சி கொண்டுவந்து கொடுப்பாள். ஆயுத பூஜை லீவுக்குப் புதுச்சேரி வருகிறாள். நல்ல பெண். அவளோடு ஒரு சிறிய பொட்டலமும் வரும். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

நீ மறைக்காமல் எழுதினாய், அதனால் நானும் எழுதுகிறேன். நீ சாப்பிட்ட நாளுக்கு முந்தின நாள் நடந்தது இது. உன்னை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிடும் முன், கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. தமிழ்மாறன் பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளைகளுக்குத் திரையைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். "இஃப்ஃபத் மேடத்துக்குப் பாருங்க, தட்ட ஆரம்பிச்சதும் ஹார்ட் துடிப்பு கொறையுது, நிறுத்தினா ஏறுது. அழகா பதில் சொல்லுது. கார்குழலி மேடத்துக்கு ஒண்ணுமே இல்ல. தட்டினாலும் ஒண்ணுதான், தட்டலன்னாலும் ஒண்ணுதான்." அவன்மேல் குற்றமில்லை. அவன் வேலையைத்தான் சொல்லிக்கொடுத்தான். நான் கேட்பேன் என்று அவனுக்குத் தெரியாது.

மில் மூடி அப்பா வீட்டில் உட்கார்ந்த வருடம் எனக்கு வயிற்று வலி ஆரம்பித்தது. அப்போதிலிருந்து எத்தனை டாக்டர். குழாய் விட்டுப் பார்த்தார்கள், வயிறு நார்மல். நெஞ்சு படபடக்கிறது என்றேன், ஈசிஜி எடுத்தார்கள், அதுவும் நார்மல். மெஷினில் ஓடவிட்டும் பார்த்தார்கள். "ஒங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று ஒவ்வொருவரும் சொல்லும்போது மற்றவர்கள் கும்பிட்டுவிட்டு வருவார்கள். நான் அழுதுகொண்டு வருவேன். கடைசியில் மனநோய் டாக்டரிடம் அனுப்பியபோது எனக்கு நாற்பத்தைந்து வயது. சுடர்விழி அந்த நரம்பைப் பற்றிச் சொன்னதும் எனக்குள் ஒரு சின்ன ஆசை வந்தது. என் வயிறும் நெஞ்சும் பொய் சொல்லவில்லை என்று ஒருத்தி ஒத்துக்கொண்டாள். இனி யாராவது தட்டினால் அவை எழுந்துகொள்ளும் என்று நினைத்தேன்.

எழவில்லை. மறுநாள் நீ எனக்கு எதிரில் சோறு வாங்கி வாங்கிச் சாப்பிட்டாய். நான் உன்மேல் பொறாமைப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். எதுவும் வரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ சாப்பிடுவதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முடிவாகத் தெரிந்தது.

இப்போது கவலைப்படும்படி ஒன்றும் இல்லை. பூஜைக்காக அலுவலகத்தில் எல்லோரும் மேசையைத் துடைத்தார்கள். என்னுடையது முன்பே காலியாக இருந்தது, நிலுவையில் ஒரு ஃபைல்கூட இல்லை. மிக்சியைக் கீழ் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன், செடிகளையும்தான். இரண்டு நாளாக நல்ல தூக்கம். தலை லேசாக இருக்கிறது. இவ்வளவு லேசாக இருந்து பல வருடம் ஆகிவிட்டது.

பொட்டலத்தில் இருப்பது அம்மாவின் சங்கிலி. ஸமீஹா பெரியவளானதும் போட்டுக்கொள்ளட்டும். எனக்குக் கொடுக்க வேறு பெண் பிள்ளை இல்லை.

நீ பயப்படாதே. உனக்கு நல்லபடியாக நிற்கும்.

குழலி

*

முதலியார்பேட்டை
6.11.2024

இஃப்ஃபத்துக்கு,

நேற்றும் நீ வந்து வாசலில் நின்றதாகத் தம்பி மனைவி சொன்னாள். நான்தான் தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னேன். இனி வராதே. வார்டிலிருந்து என்னைத் தம்பி வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு வாரம் ஆகிறது. இங்கே கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, கழற்றிவிட்டார்கள். தம்பி மகன் கணக்குப் போடுகிற சாக்கில் என் அறையிலேயே உட்கார்ந்திருக்கிறான். நாற்பத்தாறு வயதுப் பெண்ணைக் காவல் காக்கிறார்கள்.

எல்லாம் உன்னால்தான். தம்பியிடம் எதுவும் சொல்லாதே என்று கேட்டிருந்தேன். கொளஞ்சி உன்னிடம் கடிதத்தைக் கொடுத்த மறுநாளே அவனையும் உன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு காரைக்காலுக்கு வந்துவிட்டாய். கதவை உடைக்கும் சத்தம் கேட்டது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. மற்றதை எல்லாம் பிறர் சொல்லித் தெரிந்துகொண்டேன். தெருவே கூடி நின்றதாம். அந்தத் தெருவில் நான் இனி எப்படி நடப்பேன் என்று நீ நினைத்தாயா?

உன்னை நம்பி ஒன்றை எழுதினேன். என்னை நம்பி எழுதியவற்றை நான் யாரிடமாவது சொன்னேனா?

சங்கிலியைத் தம்பியிடம் கொடுத்துவிடு.

கார்குழலி

*

புதுச்சேரி
11.11.2024

குழலி அக்காவுக்கு,

சங்கிலியைக் கொடுக்க மாட்டேன். நீங்கள் வந்து கேட்டால் கொடுப்பேன்.

செய்ததற்கு மன்னிப்பும் கேட்க மாட்டேன். வயிறு எரிய எரியத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

கொளஞ்சி வந்தபோது நான் ஸமீஹாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். தமிழ்மாறன் சொன்னதை எழுதியிருந்த இடத்தில் அழுகை வந்தது. ஆனால் நான் பயந்தது அந்த இடத்தில் இல்லை. தலை லேசாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான். அந்த லேசு எனக்குத் தெரியும் அக்கா. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் எல்லோரும் ஜும்ஆ தொழுகைக்குப் போன நேரம், நான் அப்படித்தான் இருந்தேன். துவைத்து, மடித்து, பாத்திரம் எல்லாம் கவிழ்த்து வைத்திருந்தேன். மாமி அன்றைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து எதற்கோ பாதியில் திரும்பி வந்தார். அவர் அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என்னைச் சோம்பேறி என்பார், நன்றி கெட்டவள் என்பார், அதை மட்டும் சொன்னதில்லை.

அதனால்தான் கடிதம் என் கையில் இருக்கும்போதே சரிதாவுக்குப் போன் செய்து உங்கள் தம்பி நம்பரை வாங்கினேன். ராத்திரி வண்டி கிடைக்கவில்லை. விடிந்ததும் கிளம்பினோம். சீர்காழி வந்ததும் உங்கள் தம்பி, "எங்கக்கா எங்க எல்லாரையும் தூக்கி வளத்தது. அதுக்கு வயித்து வலின்னு சொல்லும், நாங்க ஓம வாட்டர் வாங்கிக் குடுப்போம். அவ்ளோதான் எங்களுக்குத் தெரியும்" என்றார். அப்புறம் தலையை ஜன்னலில் முட்டிக்கொண்டு அழுதார். ஸமீஹா அத்தா வண்டியை நிறுத்தித் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். காவல் காக்கிறார்கள் என்று எழுதினீர்களே, அப்படி அழுத உங்கள் தம்பிதான் காக்கிறார்.

உங்கள் ரகசியத்தைக் காப்பதா உங்களைக் காப்பதா என்று ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. நாளைக்கு மறுபடி அப்படி ஒரு கடிதம் வந்தால் மறுபடியும் இதையேதான் செய்வேன். இதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். இல்லை என்றால் எழுதாமல் இருங்கள், உயிரோடு இருந்தால் போதும்.

இனி வாசலில் வந்து நிற்க மாட்டேன்.

இஃப்ஃபத்

*

காரைக்கால்
16.2.2025

இஃப்ஃபத்,

மறுபடி வேலையில் சேர்ந்துவிட்டேன். தம்பி கூட வந்து விட்டுவிட்டுப் போனான். வேறு தெருவில் வீடு, மாடியில் வீட்டு ஓனர் குடும்பம். போனைத் தினமும் காலையிலும் மாலையிலும் திறந்து அவனிடம் பேசுவதாக ஒப்பந்தம். அவனுக்குப் பேசத் தெரியாது. "சாப்டியா?" என்பான். "சாப்டேன்" என்பேன். இருவரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிடுவோம்.

மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். வாய் காய்கிறது. சுகம் என்று சொல்ல முடியாது. காலையில் எழுந்து பல் துலக்குவது இன்னும் ஒரு மலையை நகர்த்துகிற வேலைதான். வயிற்றில் அதே கல். ஆனால் உன்னிடம் எழுதினேனே அந்த லேசு, அது போய்விட்டது. பழைய பாரம் திரும்பியிருக்கிறது. பாரம் இருப்பதே பரவாயில்லை என்கிறார் சுடர்விழி. அவர் சொல்வது பாதி புரிகிறது.

அந்தத் தெருவைக் கடந்துதான் அலுவலகம் போக வேண்டும். பயந்த மாதிரி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கீழ் வீட்டு அம்மாள் மட்டும் மிக்சியைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து, "இது ஒங்களுது, எடுத்துக்குங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார். செடிகளைத் திருப்பித் தரவில்லை. அவை பூத்துவிட்டன, அதனால் மனம் வரவில்லை போல.

உன்மேல் உள்ள கோபம் தீரவில்லை. கோபப்படுகிற அளவுக்கு உள்ளே ஏதோ இருக்கிறதே என்று டாக்டர் சந்தோஷப்படுகிறார்.

நவம்பருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான்தான் அப்படிக் கேட்டேன். இருந்தாலும் எப்படி இருக்கிறாய் என்று எழுது. நோன்பு மாதம் வருகிறது என்று காலண்டரில் பார்த்தேன்.

குழலி

*

புதுச்சேரி
9.4.2025

அக்கா,

உங்கள் கடிதம் வந்தது. முன்பே எழுதியிருக்க வேண்டும். பேனா எடுக்க முடியவில்லை.

நோன்பில் எல்லோரும் சாப்பிடாமல் இருந்தார்கள். நானும் சாப்பிடவில்லை. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நோன்பு திறக்கும்போது கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பேன். எல்லோரும் தொழப் போனதும் கொட்டிவிடுவேன். பெருநாளைக்கு மாமி பிரியாணி வைத்தார். எல்லோரும் என் தட்டைப் பார்த்தார்கள். அப்போதுதான் தெரிந்தது அவர்களுக்கு.

உங்களுக்கு வந்த மாதிரி லேசு எதுவும் இல்லை. பயப்படாதீர்கள். கனம்தான்.

ஸமீஹா என் பக்கத்தில் படுக்க வந்தாள். போ என்று சொல்லிவிட்டேன். அவள் போய்விட்டாள்.

நீங்கள் வர வேண்டாம். என்னைப் பார்த்தால் உங்களுக்கும் நம்பிக்கை போய்விடும்.

இஃப்ஃபத்

*

முதலியார்பேட்டை
20.4.2025

இஃப்ஃபத்,

நேற்று உன் படுக்கைக்குப் பக்கத்தில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். வந்தது நான்தான் என்று தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. இந்த நிலைமையில் காதில் விழுகிற பேச்சு உள்ளே இறங்காது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறேன். தம்பி மகனிடம் கொடுத்து அனுப்புகிறேன். முடிகிறபோது படி. முடியாவிட்டால் உன் மாமியைப் படிக்கச் சொல். அவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான்.

என் நம்பிக்கை போய்விடும் என்று எழுதியிருந்தாய். அது என்னிடம் இல்லை. அதனால் அது போகாது. எனவே நீ என்னிடம் எதையும் மறைக்க வேண்டாம், நன்றாக இருப்பதாக நடிக்கவும் வேண்டாம்.

உன் கடிதம் வந்த அன்றே உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். ஆரிப் பெரிய மனிதர் போல நிதானமாகத்தான் பேச ஆரம்பித்தார். பாதியில், "மறுபடியும் மெஷினு வெக்கலாம்ங்கிறாங்க. தெனமும் கூட்டிட்டுப் போவணும், கடையில ஆளு இல்ல, அம்மாவுக்கு முட்டி வலி. நான் என்னக்கா பண்ணட்டும்" என்று உடைந்துவிட்டார். நான் அலுவலகத்தில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். மருத்துவ விடுப்பு. பொய் இல்லையே, எனக்கும்தான் உடம்பு சரியில்லை.

உன் மாமி நேற்று என்னைக் கீழே அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டார். "போன தடவ சரியாயிடுச்சின்னு நான் ஊரெல்லாம் சொன்னேன். அதுல கண்ணு பட்டுடுச்சா?" என்று கேட்டார். இல்லை, இந்த நோய் அப்படித்தான், முதல் தடவை சிகிச்சையில் குணம் கண்டவர்களுக்கு மறுபடியும் குணமாக நிறைய வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பிறகு ஸமீஹாவைப் பற்றிப் பேசினோம். அந்தப் பிள்ளை அம்மா திட்டிவிட்டாள் என்று நினைக்கவில்லை. அம்மாவுக்கு வயிறு வலிக்கிறது என்று நினைக்கிறாள். அப்படியே நினைக்கட்டும். அது பொய்யும் இல்லை.

நேற்றுக் காலையில் சுடர்விழியைப் பார்த்தேன். உனக்கு நாளையிலிருந்து ஆரம்பம். அவர் சும்மா இருக்காமல் என்னிடமும் கேட்டார். "போன தடவ எடது பக்கம் வெச்சோம். இந்த தடவ வலது பக்கம் மெதுவா வெச்சுப் பாக்கலாமா?" என்றார். தமிழ்மாறன் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் நின்றேன் என்று முதல்முறையாக அவரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிப்போனது. அந்த அளவுகளை வைத்து ஒருவருக்குக் குணமாகும் ஆகாது என்று சொல்கிற அளவுக்கு இன்னும் யாருக்கும் தெரியாது, அதனால்தான் அதற்குப் பெயர் ஆராய்ச்சி என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை என்றேன். "நம்பிக்கை இல்லாமலே வாங்க. மெஷினுக்கு அது தெரியாது" என்றார். எப்படியும் உன்னோடு தினமும் அங்கே போகத்தான் போகிறேன். சரி என்றுவிட்டேன்.

சிகிச்சை கேட்குமா என்று தெரியாது. உனக்குக் கேட்டு எனக்குக் கேட்காமல் போகலாம். அப்போது நான் மறுபடியும் ஊரை விட்டுப் போக மாட்டேன் என்று இப்போது எழுதிவைக்கிறேன். எனக்குக் கேட்டு உனக்குக் கேட்காமலும் போகலாம். அப்படி ஆனால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கத் தைரியம் இல்லை.

நாளைக் காலையில் ஆட்டோவோடு வருகிறேன். குளிக்க வேண்டாம். தலை வார வேண்டாம், அங்கே எப்படியும் கலைக்கத்தான் போகிறார்கள். புடவை மாற்றவும் வேண்டாம், மேலே துப்பட்டியைப் போட்டுக்கொண்டால் போதும். எழுந்திருக்க முடியவில்லை என்றால் பேச வேண்டாம், கையை மட்டும் நீட்டு. அதுவும் முடியவில்லை என்றால் நான் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறேன். ஆட்டோக்காரர் நம் கொளஞ்சியின் அண்ணன்தான். எவ்வளவு நேரமானாலும் நிற்பார்.

குழலி